அத்தை போனில் ஒளிந்திருக்கும் கோடீஸ்வரர்கள்

சம்பா அறுப்பு முடிந்து ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடிப் பக்கம்தான், ஊர்ப் பெயர் வேண்டாம், சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். அத்தையும் வந்திருந்தார். உட்கார்ந்ததும் போனை என்னிடம் நீட்டி, "தம்பி, இதுல மாசாமாசம் பணம் அதுவா போவுது, என்னன்னு பாரு" என்றார். பார்த்தால் ஒரு குட்டித் தொடர் ஆப். முதலில் ஒரு ரூபாய் என்று சொல்லி உள்ளே இழுத்துவிட்டு, அப்புறம் ஆட்டோபேயில் மாதம் தவறாமல் உருவிக்கொண்டிருக்கிறது. நிறுத்திக் கொடுத்தேன். கொடுத்த கையோடு அத்தைக்கு வேறு கவலை வந்துவிட்டது. "நிறுத்திட்டா அந்தப் பையன் யாருன்னு மாமியாக்காரிக்கு எப்பத் தெரியும்?"

சரி, மாதக் கடைசி வரை ஓடும் என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பொய் சொல்லவில்லை, நாற்பது எபிசோடு பார்த்தேன்.

ஒரு வீட்டோடு மாப்பிள்ளை தரை துடைக்கிறான். மாமியார் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டுகிறார், மச்சான் காசோலையை முகத்தில் வீசுகிறான். அவன் பேசாமல் குனிந்து துடைக்கிறான். அந்தக் குடும்பத்துக்குக் கடன் கொடுத்த வங்கியே அவனுடையது என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஒரு எபிசோடு ஒன்று, ஒன்றரை நிமிடம். முதல் பத்து சும்மா காட்டுவார்கள், அப்புறம் அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கும்போது பூட்டு விழும். காயின் வாங்கினால்தான் அறை விழும்.

இந்த வித்தையைப் பெரிய தொழிலாக்கியவர்கள் சீனர்கள். துவான்ஜு என்பார்கள், குறுநாடகம். 2024இல் அங்கே இதன் சந்தை சுமார் 5,040 கோடி யுவான், அதே ஆண்டு தியேட்டர் வசூல் 4,250 கோடிதான். போனை நட்டக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு பார்க்கிற இந்தக் கன்னத்து அறைகள் சினிமாவையே தாண்டிவிட்டன. அந்த நவம்பரில், அதிகாரத் திமிர் பிடித்த முதலாளி கதைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சீன அரசின் ஒளிபரப்புத் துறையே சொல்ல வேண்டியிருந்தது. ஹாலிவுட்காரர்கள் பெரிய நட்சத்திரங்களை வைத்து க்விபி என்று ஒரு குட்டித் தொடர் ஆப்பை 2020 ஏப்ரலில் தொடங்கி டிசம்பரிலேயே கடையைச் சாத்தினார்கள். அவர்களுக்கு மாமியார் என்றால் என்னவென்று தெரியாது, அதுதான் பிரச்சினை என்பது என் கட்சி.

இதெல்லாம் குப்பை என்று ஒதுக்குகிற ஆள் நானில்லை. அவமானப்பட்டவன் நிமிர்கிற கதைக்கு யாருக்குத்தான் ஆசையில்லை? எனக்கு உறுத்துவது வேறு. கடைசியில் மாமியார் காலில் விழுகிறார் இல்லையா, எதற்காக விழுகிறார்? ஒரு மனுஷன் தலையில் தண்ணீர் ஊற்றியதற்காக இல்லை, பணக்காரன் தலையில் ஊற்றிவிட்டோமே என்றுதான். அவன் நிஜமாகவே ஒன்றுமில்லாதவனாக இருந்திருந்தால் அந்தக் கதையில் தப்பே நடக்கவில்லை. பார்க்கிற நாமும் அதை ஒத்துக்கொண்டுதான் அடுத்த காயினை வாங்குகிறோம்.

அப்புறம் அந்த வாளி. எங்கள் பக்கத்தில் யாரும் யார் தலையிலும் எதையும் கொட்ட மாட்டார்கள். அதற்கு அவசியமே இல்லை. வந்தவரை "வாங்க" என்று சொல்லிவிட்டு, "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டால் அவர் "வேணாம், இப்பதான் ஆச்சு" என்றுதான் சொல்ல முடியும். மதிப்புள்ள ஆளுக்குக் கேட்காமல் டபராவில் வரும். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் யாருக்கு மேலே, முதல் பந்தியில் யாரைக் கையைப் பிடித்துக் கூப்பிட்டார்கள், மொய் நோட்டில் தன் பெயரை எழுதும்போது எழுதுகிறவர் முகம் எப்படிப் போனது, நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தின் சாவி எந்த மருமகள் இடுப்பில். முப்பது வருஷப் பகைகளை விசாரித்துப் பாருங்கள், ஒரு இலையில் வடை வைக்க மறந்ததில் போய் முடியும். ஒன்றரை நிமிடத்தில் இதைக் காட்டவே முடியாது, ஏனென்றால் வெளியே இருந்து பார்த்தால் எதுவுமே நடந்திருக்காது.

மறைந்திருக்கும் சொத்து விஷயத்திலும் டெல்டா இந்த ஆப்களுக்கு முன்னோடி, ஆனால் தலைகீழாக. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, ஒரு குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடுகிற ஏக்கர். 1970இல் அதை 15 ஆக்கினார்கள். பண்ணைகள் என்ன செய்தன? வேலிக் கணக்கில் இருந்ததை மாக் கணக்கில் பிரித்து, உறவுக்காரர், அறக்கட்டளை, வீட்டு வேலையாள் என்று கிடைத்த பெயரில் எல்லாம் எழுதி வைத்தன. இந்தக் கணக்கு தெரியாதவர்களுக்கு: மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. சீனத் தொடரில் தரை துடைப்பவன் ரகசியப் பணக்காரன். இங்கே காகிதத்தில் பணக்காரன், நிஜத்தில் அதே வயலில் கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்தான். அவனுக்காக எந்த எபிசோடிலும் பூட்டு திறக்கவில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் பெரிய மேதாவி மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் நிறுத்திவிட்டேன். ஏன் என்றால் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே ஒரு மறைந்த வாரிசு என்று அப்போதுதான் உறைத்தது.

தாத்தாவுக்கு அவர் அப்பா வழியில் வந்தது 18 மா. அத்தைக்குக் கல்யாணம் 1991இல். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு, அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. 2005இல் மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்ததை நாம் பதினாறு வருஷம் முன்பே செய்துவிட்டோம் என்று மேடையில் பெருமை பேசுவோமே, அந்தச் சட்டம். அந்தக் கணக்குப்படி அப்பாவுக்கு என்ன பங்கோ அத்தைக்கும் அதே பங்கு. தாத்தா இறந்த அடுத்த வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அத்தையைக் கூட்டிப்போய் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கூட்டிப்போனது என் அப்பா. ஒரு பட்டுப்புடவை, கொஞ்சம் ரொக்கம், திரும்பும் வழியில் ஓட்டலில் சாப்பாடு. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், எனக்கு அந்தச் சாப்பாடுதான் ஞாபகம். அன்றிலிருந்து வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் அத்தை வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி போகும். "தங்கச்சிக்கு இன்னைக்கும் குறை வைக்கல" என்று அப்பா நாலு பேர் முன்னால் சொல்வார். நான் படித்ததும் அந்த வயல் வருமானத்தில்தான்.

கேட்டேவிட்டேன். "அத்தை, அந்தப் பத்திரத்துல கையெழுத்து போட்டப்ப உங்களுக்குப் பங்கு இருக்குன்னு தெரியுமா?"

அத்தை போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியாம என்ன, கலைஞர் கொண்டாந்த சட்டம் ஊரே பேசுச்சு. உங்க மாமா போடாதன்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"போடலன்னா நான் எந்த வாசல்ல வந்து இப்படிக் கால நீட்டி உட்காருறது? பொங்கச் சீரு யாரு கொண்டாருவா?" கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியும்னு உங்கம்மாவுக்கும் தெரியும்டா" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து அம்மா டபராவோடு வந்தார். யாரும் கேட்கவில்லை. அத்தை வந்தால் எப்போதும் அப்படித்தான், அதிலும் நுரை ததும்ப முதல் டிக்காஷன் காபி. இத்தனை வருஷம் அதை நான் பாசம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.