சும்மா எடுத்த படம்

முகப்புத்தகத்தில் நான் போட்ட வீச்சு வலைப் படத்தை ஒரு நிறுவனம் என் பெயரை வெட்டிவிட்டுத் தங்கள் கலண்டரில் அடித்த விசயம் மூன்று நாளாக ஓடுகிறது, எல்லாருக்கும் தெரியும். திரும்பவும் முதலில் இருந்து சொல்ல எனக்கு அலுப்பு. நேற்று அவர்களிடமிருந்து வந்த பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். “நீங்கள் சும்மா பொழுதுபோக்குக்குத்தானே எடுக்கிறீங்கள்? எங்கட கலண்டரில வந்தது உங்களுக்கும் பெருமைதானே” என்றார் அந்த அண்ணை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் பெயரை வெட்டியவர்களுக்கு நான் காட்டும் மரியாதை அது.

சும்மா. அந்தச் சொல்லில்தான் எனக்கு ஏறியது.

2017 இல் சீட்டுக் காசில் ஒரு பழைய கெனன் 1200டி கமரா வாங்கினேன். கூட வந்தது 18-55 லென்ஸ். முதல் ஒரு வருசம் கமராவை ஓட்டோ மோட்டில் வைத்து நல்லூர்க் கோபுரத்தையும் பக்கத்து வீட்டுப் பூனையையும் எடுத்துக்கொண்டு திரிந்தேன். அந்த வருசத்துப் படங்களை யாராவது களவெடுத்திருந்தால் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருப்பேன்.

பிறகுதான் வீச்சு வலைப் பைத்தியம் பிடித்தது. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் விடியப்புறம் தண்ணீருக்குள் நின்று வலை வீசுவார்கள். வலை வட்டமாக விரிந்து நிற்பது ஒரு கணம்தான். ஷட்டர் வேகத்தை 1/60 செக்கனில் வைத்தால் வலை வெறும் புகை. 1/1000 க்குப் போனால் வலைக்கண்ணில் தொங்கும் துளிகூடத் தெரியும், ஆனால் அந்த நேரத்து வெளிச்சத்துக்குப் படம் இருண்டுவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டினால் மணல் தூவினமாதிரிப் புள்ளி புள்ளியாக வரும். சூரியன் எழும்பிக் கொஞ்ச நேரம்தான் மூன்றும் ஒத்துவரும். எட்டரைக்கு நான் கந்தோரில் கையெழுத்து வைக்க வேண்டும். 11 நாள் வெறுங்கையோடு திரும்பினேன். 12 ஆம் நாள் கிடைத்தது அந்தப் படம். அன்றைக்குச் சேற்றுக் காலோடுதான் கந்தோருக்குப் போனேன்.

சும்மாவாம்.

“முகப்புத்தகத்தில போட்டால் எடுக்கத்தானே செய்வாங்கள்” என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு வேலிக் கதியாலைத் தள்ளி நட்டதற்குப் பரம்பரையாக வழக்காடுகிற ஊர் ஐயா இது. பக்கத்து வளவு மாங்காய் றோட்டுப் பக்கம் தொங்கினால் அது உங்களுடையதா? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படம் எடுத்ததுமே உரிமை வந்துவிடும், எங்கும் பதியத் தேவையில்லை. பெயர் போடச் சொல்லிக் கேட்கவும் அதில் இடம் இருக்கிறது. நான் வழக்குப் போடப் போவதில்லை, அது வேறு கதை.

“உனக்குப் பேராசை” என்றும் ஒரு கொமென்ட். இடைவெளி விட்டு எழுதுங்கோ தம்பி. பேர் ஆசை.

“வலை வீசின ஐயாவிடம் நீ கேட்டனியா?” இது மட்டும் குத்தியது. எடுக்க முதல் கேட்கவில்லை. பிறகு படத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முகம் தெரியேல்லையே தம்பி” என்று சிரித்தார். அது காணுமா? சரி, காணாது என்றே வைப்போம். கலண்டர் அடித்தவர்கள் அவரிடம் கேட்டார்களா? அதையும் கேளுங்கோவன்.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அல்பங்களை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை, அல்பத்துக்கு எங்கே போவது? எங்கள் சுவரில் இருக்கும் அப்பாவின் படம் அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்தது. கண் எது, புருவம் எது என்று பிரிக்க முடியாது. பிறகு கனடாவில் இருக்கும் பெரியம்மாவிடமிருந்து ஒரேயொரு கலியாணப் படம் வந்தது. பின்பக்கத்தில் ஸ்ரூடியோ முத்திரை. அதைக் கண்டதும் அம்மா அப்பாவை விட்டுவிட்டு, படமெடுத்தவரைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார். அப்பாவின் தலைப்பாகையை மூன்று தரம் நிமிர்த்தினாராம். சிரித்த மாப்பிள்ளையைச் “சிரிக்காதேங்கோ” என்று அதட்டினாராம். முப்பது வருசமாக அந்த மனிதரை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த முத்திரையை யாரும் வெட்டவில்லை, பாருங்கோ.

இன்னொன்றை நான் இதுவரை எழுதவில்லை. கலண்டரை முதலில் கண்டது சலூன் கண்ணாடியில், தலைமயிர் பாதி வெட்டியபடி. கண்ணாடிக்குள் படம் சரியாகவே இருந்தது, நான் எடுத்தமாதிரியே. திரும்பிப் பார்த்தால்தான் விளங்கியது. தங்கள் சின்னத்தை வைக்க இடம் காணாதென்று படத்தையே இடம்வலமாகப் புரட்டியிருக்கிறார்கள். வலக்கைக்கார ஐயா இடக்கைக்காரராக நிற்கிறார். பெயரை வெட்டியதைவிட அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அதைச் சொன்னால் “அது ஆருக்குத் தெரியப்போகுது” என்கிறார் அதே அண்ணை.

டிசம்பர் முடியுமட்டும் அது அங்கேதான் தொங்கும். யாழ்ப்பாணத் திருநெல்வேலிப் பக்கம் கலண்டர் இல்லாத சலூன் ஏதும் இருந்தால் சொல்லுங்கோ.