பாலடினுக்குக் கெட்டவன் யாரென்று தெரியாது

"பாலடின் ஒரு பார்வை பார்த்தாலே எதிரில் நிற்பவன் தீயவனா என்று தெரிந்துவிடும், அப்புறம் வெட்ட வேண்டியதுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாலடின் என்பது, ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் வரும் புனித வீரன். அந்த விளையாட்டின் 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புக்கு இது ஓரளவு சரி. அதில் பாலடின் நினைத்தபோதெல்லாம் தீமையை உணரலாம். அங்கேயும் பார்த்தவுடன் தெரியாது. முதல் சுற்றில் "இங்கே தீமை இருக்கிறது" என்று மட்டும்தான் தெரியும், யாரிடம் என்று தெரிய மூன்று சுற்று கவனம் செலுத்த வேண்டும்.

ஆனால் பேச்சு 2014-ன் ஐந்தாம் பதிப்பைப் பற்றி. அதில் பாலடினின் தெய்வீக உணர்வு 60 அடிக்குள் இருக்கும் தேவகணம், பிசாசு, நடைபிணம் போன்றவற்றை மட்டும்தான் காட்டும். குணத்தை அல்ல, உயிரினத்தின் வகையை. விருந்தாளிகளைக் கழுத்தறுத்துக் கிணற்றில் போடும் விடுதிக்காரர் சூப் ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாலும் ஒன்றும் தெரியாது. அவர் வெறும் மனிதர். 'தீமை, நன்மை அறிதல்' மந்திரமும் இப்படித்தான். பெயரை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்!

இன்னொன்று: இந்தப் பதிப்பில் பாலடின் 'சட்டம் சார்ந்த நல்லவன்' (விதிக்குக் கட்டுப்பட்டு நல்லது செய்பவன்) ஆக இருந்தே தீர வேண்டும் என்ற விதியும் இல்லை. அவனைக் கட்டுவது அவன் எடுத்த சபதம்தான்.