பில் தேதியைப் பாருங்கள்

போன வாரம் அக்கா மகன் ஒரு ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இது நல்ல கம்பெனிங்களா?" என்று கேட்டிருந்தான். கூடவே அந்தக் கம்பெனியின் வெப்சைட் லிங்க். திறந்தால் பச்சை இலை, சிரிக்கிற பெண்கள், நேர்மை, வெளிப்படைத்தன்மை, மனித மாண்பு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. இப்படி எழுதாத கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் திருப்பூரில் பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவன். பதினாறு தையல் மெஷின். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் கட்டிங் பீஸ் மூட்டையை இறக்குவார்கள், தைத்துக் கொடுப்போம். அதனால் எந்தக் கம்பெனியையும் மூட்டை இறங்குகிற பின்வாசல் வழியாகத்தான் எனக்குத் தெரியும். ரிசப்ஷனில் இருக்கும் சோபா எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சில வருஷம் முன்னால், துணி வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையரின் ஆடிட் வந்தது. கணக்கு ஆடிட் இல்லை, வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பு, வேலை நேரம் எல்லாம் சரியா என்று பார்க்கிற ஆடிட். நாளைக்கு உங்கள் யூனிட்டுக்கும் வருவார்கள் என்று முதல் நாள் சாயங்காலம் போன். அரை மணி நேரத்தில் கம்பெனிப் பையன் ஒருவன் டெம்போவில் வந்து முதலுதவிப் பெட்டி, தீயணைப்பு சிலிண்டர் ரெண்டு, ஒரு கட்டு மாஸ்க், உடைந்த ஊசிக் கணக்கு எழுதுகிற ரெஜிஸ்டர் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போனான். ஆறு மாசத்தில் எந்தெந்த மெஷினில் ஊசி உடைந்தது என்று அன்று ராத்திரி நானே உட்கார்ந்து எழுதினேன். ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று மூன்று பேனா. இன்னொரு பக்கம் தையல்காரர்களுக்கு ஒத்திகை. "ஓவர்டைம் பார்ப்பீங்களான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" ஓவர்லாக் ஓட்டுகிற அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஆறு மணிக்கெல்லாம் ஊட்டுக்குப் போயிருவோமுங்க." அப்போது மணி ஒன்பதரை.

ஆடிட் பாஸ். மறுநாளே சிலிண்டர் ரெண்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அடுத்த யூனிட்டுக்கு வேண்டுமாம். அந்தப் பொய்யில் என் பங்கும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகுதான் கராச்சி சம்பவத்தைப் பற்றிப் படித்தேன். அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலையில் 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜன்னலுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. எஸ்ஏ 8000 என்று தொழிலாளர் நலனுக்காகவே கொடுக்கிற சர்வதேசச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அதை அந்த ஆலை வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதிலிருந்து எங்கேயாவது சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தால் எனக்கு அந்த மூன்று பேனாதான் ஞாபகம் வருகிறது.

சரி, அப்புறம் எதைத்தான் பார்ப்பது? நான் பார்ப்பது ரெண்டு தேதி. பில் கொடுத்த தேதி, பணம் வந்த தேதி.

எங்கள் ஊரில் வாரச் சம்பளம். சனிக்கிழமை ஆள் கையில் பணம் கொடுத்தாக வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. கம்பெனி நூறு நாள் இழுத்தால் நடுவில் பதினாலு சனிக்கிழமை வந்துவிடும். அந்தப் பதினாலுக்கும் பணம் எங்கிருந்து வரும்? வீட்டுக்காரி வளையலை அடகு வைத்தேன். வட்டி நான் கட்டினேன். கோடிக்கணக்கில் டர்ன்ஓவர் காட்டுகிறவர்களுக்கு என் வீட்டு வளையல் மேல் வட்டியில்லாக் கடன்!

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-லேயே வந்துவிட்டது. சிறு, குறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கியவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. கேட்டால் அடுத்த மூட்டை இறங்காது. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி போட்டார்கள். கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று. சிறு தொழில் என்று அரசாங்கத்தில் பதிந்து வைத்திருப்பதைத்தான் உத்யம் என்பார்கள், அதை வைத்துத்தான் இந்தக் கெடுவெல்லாம். அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி அக்கவுண்டன்ட் போன் பண்ணினார். பணம் போட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "அண்ணா, உங்க உத்யம் ரெஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்ணிக்க முடியுங்களா?" என்றார்.

இதற்கு நேரெதிரான ஆளையும் பார்த்திருக்கிறேன். எனக்கு முதல் ஆர்டர் கொடுத்த முதலாளி. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பணம் வந்துவிடும். ஒரு தடவை அவர் ஆள் கட்டிங்கில் தப்புப் பண்ணி ஒரு லாட் முழுக்க டேமேஜ். தையல் கூலியில் ஒரு பைசா பிடிக்கவில்லை, "தப்பு எங்களது" என்றார். நான் கையெடுத்துக் கும்பிடுகிற மனுஷன். ஆனால் அவருக்குச் சாயப்பட்டறையும் இருந்தது. அந்தக் காலத்துச் சாயத்தண்ணி எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும். பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் அளவுக்குப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது அவர் நொந்துபோனார். நானும் அவருக்காக வருத்தப்பட்டேன். என் சனிக்கிழமையைக் காப்பாற்றியவர் ஆயிற்றே. அணைக்குக் கீழே தென்னை வைத்திருந்தவரிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அதனால் என் ரெண்டு தேதிக் கணக்கும் முழுசு இல்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் வெப்சைட்டைப் பார்ப்பதற்கு இது மேல்.

மாப்பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன். பேலன்ஸ் ஷீட்டை எடு. ஷேர் மார்க்கெட்டில் லிஸ்ட் ஆன கம்பெனி என்றால் சும்மாவே கிடைக்கும். இல்லாவிட்டாலும், கம்பெனியாகப் பதிந்திருந்தால் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். பார்ட்னர்ஷிப் ஃபர்ம் என்றால் இந்த வழி கிடையாது, எங்கள் ஊரில் அது நிறைய. பின்பக்கக் குறிப்புகளில் டிரேட் பேயபிள்ஸ், அதாவது சரக்குக்கும் வேலைக்கும் கம்பெனி கொடுக்க வேண்டிய பாக்கி, என்று ஒரு அட்டவணை இருக்கும். சிறு, குறு நிறுவனங்களுக்கான பாக்கி அதில் தனி வரியில் இருக்கும். ஒரு வருஷத்துக்குள், ஒன்றிலிருந்து ரெண்டு, ரெண்டிலிருந்து மூன்று, மூன்றுக்கு மேல் என்று கட்டம் போட்டிருப்பார்கள். முதல் கட்டத்தைத் தாண்டி எண் இருந்தால், ஏன் என்று பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்.

ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது. "மாமா, ரெண்டாவது கட்டத்துலயும் நம்பர் இருக்குங்க, மூணாவதுலயும் இருக்குங்க. காரணம் ஒண்ணும் எழுதல." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "ஆனா சம்பளம் நல்லாருக்குங்க மாமா."

சேர்ந்துவிடுவான் போலிருக்கிறது. எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டேன். ஜாப் ஒர்க் பில் பாஸ் பண்ணுகிற சீட்டாம்.