எல்லாம் ஒண்ணுதானாம்ல!

பாம்பன்ல இருந்து தொண்டி வரைக்கும் எந்த ஹார்டுவேர் கடையில வேணும்னாலும் நின்னு கேட்டுப் பாருங்க. லேசா, மிதக்கிற மாதிரி எது இருந்தாலும் தெர்மாகோல். பிசைஞ்சு அப்புறதெல்லாம் எம்சீல். ஹார்டனர், அதாவது இறுக வைக்கிற மருந்து, ஊத்திக் கலக்குறதெல்லாம் அரால்டைட். எந்தக் கம்பெனி மெஷின்ல ஜெராக்ஸ் எடுத்தாலும் நகல் நகல்தான், அதுல யாருக்கும் நட்டமில்ல. உப்புத்தண்ணியில கிடக்கிற பைபர் படகுக்கு இப்படிக் குத்துமதிப்பா சாமான் வாங்கினா யாரு தலையில விடியும்?

தெர்மாகோலையே எடுத்துக்குவோம். அதுவும் ஒரு காலத்துல வியாபாரப் பேருதான், சரக்கு பாலிஸ்டைரீன் நுரை. "படகுல மிதவைக்கு தெர்மாகோல் வச்சு மேல மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு ரெசின் (இறுகுற பிசின்) அடி"ன்னு ஒருத்தர் சொல்ல, கடைக்காரரும் கேட்டதை எடுத்துக் குடுத்துடுறாரு. பைபர் படகுக்கு அடிக்கிறது பாலியெஸ்டர் ரெசின். அதுல இருக்கிற ஸ்டைரீன்ங்கிற திரவம், தெர்மாகோலைக் கரைச்சுத் தின்னுடும். மேட் இறுகுறதுக்குள்ள உள்ள குழி விழுந்து, மிதவை இருக்க வேண்டிய எடத்துல வெறும் பொந்துதான் மிஞ்சும். அங்க வேண்டியது பாலியூரித்தேன் நுரை, நம்ம ஆளுக பஃப்னு சொல்றது. அது ஸ்டைரீனைத் தாங்கும். அதே தடிமன்ல ஐஸ் பெட்டி செஞ்சாலும் தெர்மாகோலை விட பஃப்புல ஐஸ் கூடுதல் நேரம் நிக்கும். தெர்மாகோல்தான் கையில இருக்குன்னா முதல்ல எபாக்ஸி ரெசினை (ஸ்டைரீன் இல்லாத வேற ரகம்) ஓட்டை இல்லாம பூசி இறுக விடணும், பாலியெஸ்டர் அதுக்கு மேலதான். அந்த ரெண்டாவது பூச்சும் லேசுல பிடிக்காது, உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரப்பாக்கணும்.

அடுத்து அரால்டைட். அது எபாக்ஸி, ரெண்டு டியூபும் சம அளவு. "அதுவும் ஹார்டனர், இதுவும் ஹார்டனர்"னு அந்த டியூபைப் பாலியெஸ்டர்ல பிதுக்கினா ஒழுங்கா இறுகவே இறுகாது, பிசுபிசுன்னே கிடக்கும். பாலியெஸ்டருக்கு வேற ஹார்டனர்: பெராக்சைடு, கிலோ ரெசினுக்கு 10ல இருந்து 20 மில்லி. மண்டபம் உச்சி வெயில்ல 20 ஊத்தினீங்கன்னா பிரஷ்லயே கட்டியாயிடும். சீக்கிரம் இறுகுறதுக்குச் சேர்க்கிற கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டுத்தான் ஹார்டனர் ஊத்தணும். ரெண்டையும் நேரா ஒண்ணா ஊத்தினா வெடிக்கும், விளையாட்டுப் பேச்சில்ல!

எம்சீலும் எபாக்ஸிதான். ரெண்டு உருண்டையும் ஒரே நிறமாகுற வரைக்கும் பிசையணும், பாதி பிசைஞ்சு அப்பினா பாதிதான் இறுகும். பாசியும் உப்பும் ஒட்டின எடத்துல அப்பிட்டு "எம்சீல் சரியில்ல"ன்னு திட்டுறதுல என்ன நியாயம்? தேய்ச்சு, நல்லதண்ணியில கழுவி, காய வச்சீங்களா?

பெவிகாலைப் பத்திப் பேசவே எரிச்சலா வருது. அந்த வெள்ளைப் பசை மேசை நாற்காலிக்கு. தண்ணியில ஊறினா இளகிடும். மரைன்னு பேரு போட்ட டப்பா கூட சமையலறை ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். வள்ளத்துப் பலகையைக் கடலுக்கடியில பிடிச்சு வைக்காது.

கடையில போய் பாலியெஸ்டரா எபாக்ஸியா, பஃப்பா தெர்மாகோலான்னு கேட்டு, டப்பாவைத் திருப்பிப் படிச்சுட்டு காசைக் குடுங்கப்பா. "எல்லாம் ஒண்ணுதாண்ணே"ன்னு அவர் சொன்னா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.