வசனம் இல்லாத வேஷம்

(வான்கூவர். சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். நடிப்பு வாய்ப்பு தேடி அலையும் மகன் கைப்பேசியோடு ஓடி வருகிறான்.)

மகன்: அம்மா, சீரியலில் வேஷம் கிடைத்துவிட்டது!

அம்மா: அடடே! எத்தனை வசனம்?

மகன்: அது வந்து... வசனம் இல்லை. ஹீரோ பேசும்போது பின்னால் ஓரமாக நிற்க வேண்டும்.

அம்மா: அதை நீ சொந்தக்காரர் கல்யாணங்களில் சும்மாவே செய்கிறாயேடா.

மகன்: நடிகர் வில்லியம் பி. டேவிஸும் அப்படித்தான் ஆரம்பித்தார். 1993-இல் 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்க டிவி தொடரின் முதல் எபிசோட். ஃபைல் அலமாரியில் சாய்ந்து சிகரெட் பிடித்தார். ஒரு வார்த்தை கிடையாது.

அம்மா: பாவம், சின்னப் பையனாக இருந்திருப்பார்.

மகன்: 55 வயது.

அம்மா: சரிதான்.

மகன்: சாதாரண ஆள் இல்லையம்மா. பிறந்தது டொராண்டோ. லண்டனில் பிரபல நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் நடத்திய நேஷனல் தியேட்டரில் வேலை பார்த்தவர். அப்புறம் இதே வான்கூவரில் நடிப்புப் பள்ளி வைத்தார். 'ஸீனா' தொடரில் நடித்த லூசி லாலெஸ்கூட அங்கே படித்தவர்தான்.

அம்மா: வாத்தியாரையே வாய் திறக்க விடவில்லையா?

மகன்: மூன்று வசனம் உள்ள வேஷத்துக்குத்தான் நடித்துக் காட்டினார். கிடைத்தது இது.

அம்மா: பிள்ளைகள் ஃபீஸைத் திருப்பிக் கேட்டிருப்பார்களே!

மகன்: பொறும்மா. பாத்திரத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. 'சிகரெட் பிடிக்கும் மனிதர்', அவ்வளவுதான். முதல் சீசன் முடியப் போகிற சமயத்தில்தான் ஒரே ஒரு வரி பேசினார்.

அம்மா: வருஷத்துக்கு ஒரு வரியா? உன் அப்பாவே அதைவிட அதிகம் பேசுவார்.

மகன்: அதற்கப்புறம் கதைக்கே பெரிய வில்லன் அவர்தான்! 2000-இல் ஒரு எபிசோடை அவரே எழுதவும் செய்தார்.

அம்மா: இவர்களை நம்பினால் வசனம் வராது, நாமே எழுதிக்கொள்வோம் என்று முடிவு செய்திருப்பார். அது கிடக்கட்டும், உன்னையும் சிகரெட் பிடிக்கச் சொல்வார்களா?

மகன்: அவரே 1970களில் விட்டவர். ஆரம்பத்தில் நிஜ சிகரெட்டைப் பிடித்துப் பார்த்தார். பழைய பழக்கம் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து மூலிகை சிகரெட்டுக்கு மாறிவிட்டார். உடம்பில் அவ்வளவு அக்கறை. தண்ணீர்மேல் சறுக்கிப் போகும் வாட்டர் ஸ்கீயிங்கில் தன் வயதுக்காரர்களில் கனடா அளவில் சாதனை செய்தவர்.

அம்மா: அது நல்ல பழக்கம். அந்தத் தொடரின் கதை எந்த ஊரில் நடக்கிறது?

மகன்: வாஷிங்டனிலும் அமெரிக்காவின் மற்ற ஊர்களிலும். ஆனால் முதல் ஐந்து சீசனும் படம் பிடித்தது நம் வான்கூவரில்.

அம்மா: நம் ஊருக்கே சொந்தப் பெயரில் வேஷம் தருவதில்லை. உனக்கு எங்கே தரப்போகிறார்கள்!

மகன்: ஆனால் நிலைத்து நின்றாரே! கதையில் அவரை 1997-இல் சுட்டார்கள். பிழைத்துக் கியூபெக்கில் போய் ஒளிந்துகொண்டார்.

அம்மா: புத்திசாலி. அமெரிக்காவில் படுத்திருந்தால் ஆஸ்பத்திரி பில்லே கொன்றிருக்கும்.

மகன்: 2000-இல் சக்கர நாற்காலியோடு படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள்.

அம்மா: ஐயையோ! வயசானவரையா?

மகன்: 2002-இல் ஹெலிகாப்டரிலிருந்து ஏவுகணை விட்டார்கள். முகமெல்லாம் நெருப்பு.

அம்மா: அதோடு முடிந்ததா?

மகன்: 2016-இல் மறுபடி வந்தார். அப்போதும் சிகரெட்டோடு.

அம்மா: ஒவ்வொரு தடவை செத்ததற்கும் தனித்தனியாகச் சம்பளம் உண்டா?

மகன்: தெரியாதம்மா. 2018-இல் ஹீரோவே சுட்டுத் தண்ணீரில் தள்ளிவிட்டான்.

அம்மா: தண்ணீரிலா?

மகன்: ஆமாம்.

அம்மா: போடா, அவருக்குத்தான் வாட்டர் ஸ்கீயிங் தெரியுமே!