கொஞ்சம் புதரா கிடக்கட்டும், விடுங்க

இயற்கையோட மறுபடி ஒட்டணும்னு யார் பேச ஆரம்பிச்சாலும் அடுத்த வரி மலைக்குப் போங்க, காட்டுக்குப் போங்க, போனை ஆஃப் பண்ணிட்டு ஒரு அருவி பக்கத்துல உக்காருங்கன்னுதான் வருது. எனக்கு இதுல பெரிய உடன்பாடு கிடையாது. போங்க, வேண்டாங்கல, நானும் போறேன். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை காட்டுக்குப் போய் நூறு போட்டோ எடுத்துட்டு வந்து, வீட்டு மூலையில ஒரு சிலந்தி வலை தெரிஞ்ச உடனே ஸ்ப்ரே எங்கன்னு தேடுற ஆளுக்கு இயற்கையோட என்ன ஒட்டுதல் வந்திருக்கும்னு சொல்லுங்க. புலி படத்துக்கு ஹார்ட் போடுறோம், ஜன்னல் மேல இருக்குற குளவிக் கூட்டைக் கொளுத்துறோம், ரெண்டையும் ஒரே நாள்ல செய்றோம்.

என் கட்சி என்னன்னா, நம்மள மத்த உயிர்கள்ட்ட இருந்து பிரிச்சு வச்சதுல காடு தூரமா இருக்குறதைவிட, கண்ணுக்குத் தெரியிற இடமெல்லாம் நீட்டா இருக்கணும்ங்கிற நம்ம வெறிக்குத்தான் பங்கு அதிகம். சண்டைக்கு வர்றவங்க முழுசா படிச்சுட்டு வாங்க.

நீட்டா வைக்கிறதுன்னா என்னென்ன செய்றோம்னு பாருங்க. விழுந்த இலையைக் கூட்டி எரிக்கிறோம், பட்டுப்போன மரத்தை வெட்டி எடுத்துட்டுப் போறோம், மண் தெரியிற இடத்துக்கெல்லாம் சிமெண்ட் போடுறோம், புல்லை விரல் உயரத்துக்கு மேல வளர விடுறதில்ல. ஒவ்வொண்ணுலயும் யாரோ குடியிருந்தாங்க. இலைக்குவியலுக்குள்ள கூட்டுப்புழுவா எத்தனையோ அந்துப்பூச்சியும் பட்டாம்பூச்சியும் காத்துக்கிட்டு இருக்கும், நெருப்பு வைக்கிறப்ப அதுவும் சேர்ந்து போகுது, அப்புறம் பட்டாம்பூச்சியே காணோம்னு வருத்தப்படுறதும் நாமதான். தேனீன்னா நமக்கு கூடும் ராணியும்தான் ஞாபகம் வரும், ஆனா உலகத்துல 20,000 வகைக்கு மேல தேனீ இருக்கு, அதுல பெரும்பாலானது தனியா வாழுறது, ஏறத்தாழ 70 சதவீதம் மண்ணுல பொந்து போட்டுத்தான் முட்டை வைக்குது. அதுக்குத் தேவை வெயில் படுற ஒரு துண்டு வெறும் மண். அதைக்கூட டைல்ஸ் ஒட்டி மூடிட்டு, தேனீயைக் காப்பாத்துங்கன்னு டிஷர்ட் போட்டுக்கிறோம். பட்டமரம் இன்னொண்ணு. பின்லாந்து காடுகள்ல வாழுற உயிரினங்கள்ல 20லருந்து 25 சதவீதம் செத்த மரத்தை நம்பித்தான் இருக்குதுன்னு கணக்கெடுத்து வச்சிருக்காங்க, வண்டு, காளான், பாசி, அந்த வண்டைத் தின்ன வர்ற மரங்கொத்தின்னு. செத்த மரத்தை நோய் பரப்புற குப்பையா நினைச்சு காட்டுக்குள்ளயே போய் பொறுக்கி சுத்தம் பண்ணின காலம் உண்டு, அதோட விளைவைத்தான் இப்ப சரி பண்ணிக்கிட்டு இருக்காங்க.

மண்ணைப் பத்தி தனியாவே ஒரு பதிவு போடலாம். பூமியில இருக்குற உயிரினங்கள்ல பாதிக்கு மேல, 59 சதவீதம்னு 2023ல வந்த ஒரு மதிப்பீடு, மண்ணுலதான் வாழுது. நாம மிதிக்கிறோம், அவ்ளோதான் நமக்கும் அதுக்கும் பழக்கம்.

சரி இதுல மனுஷனோட மனசு எங்க வருதுன்னு கேப்பீங்க. ஜப்பான்ல ஃபுகானோ, சோகான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2021ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க, நகரவாசிகளுக்கு பூச்சின்னா ஏன் இவ்ளோ அருவருப்புன்னு. 13,000 பேர்கிட்ட கேட்டுப் பார்த்ததுல ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கு. ஒண்ணு, பூச்சியை வெளியில பார்க்குறதைவிட வீட்டுக்குள்ள பார்த்தா அருவருப்பு கூடுது, நகரத்துல வெளியில பூச்சிக்கு இடம் குறைஞ்சு போனதால நாம அதை அதிகமா பார்க்குறதே வீட்டுக்குள்ளதான். ரெண்டாவது இன்னும் முக்கியம், பூச்சிகளைப் பிரிச்சு அடையாளம் காணத் தெரியாதவங்களுக்கு கரப்பான்ல ஆரம்பிக்கிற அருவருப்பு அப்படியே பொன்வண்டு வரைக்கும் பரவிடுது, எல்லாமே ஒரே "ச்சீ"தான். இதைப் படிச்சப்ப எனக்கு பல விஷயம் பொருந்தி வந்துச்சு. நாம வெறுக்கிறதால அழிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், வண்டி ரிவர்ஸ்லயும் ஓடுது. அழிச்சிட்டதால பார்க்குறதில்ல, பார்க்காததால பேர் தெரியல, பேர் தெரியாததால வெறுப்பு, வெறுப்பால இன்னும் கொஞ்சம் ஸ்ப்ரே.

குழந்தைங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. பிரிட்டன்ல 2002ல ஒரு ஆய்வு வந்துச்சு, 8 வயசுப் பிள்ளைங்ககிட்ட போக்கிமான் படத்தைக் காட்டினா கிட்டத்தட்ட 80 சதவீதத்துக்கு கரெக்டா பேர் சொல்லுதுங்க, அவங்க நாட்டுல சாதாரணமா பார்க்கக் கிடைக்கிற உயிரினங்கள்ல பாதிக்குக்கூட சொல்ல முடியல. நூத்துக்கணக்குல பேரு, உருவம், குணம் எல்லாத்தையும் மனப்பாடமா வச்சுக்கிற மூளை அந்த வயசுல சும்மா தயாரா நிக்குது, அதுக்கு முன்னாடி எதைக் கொண்டுபோய் வைக்கிறோம்ங்கிறதுதான் விஷயம். ஒரு பிள்ளை மண்ணைக் கிளறி மண்புழுவைக் கையில எடுத்தா "அய்யோ அழுக்கு, போடு கீழ"ன்னு கத்துற முதல் ஆள் யாரு?

இன்னொரு பக்கம் மறதி. டேனியல் பாலின்னு ஒரு மீன்வள விஞ்ஞானி 1995ல சொன்ன விஷயம் இது, ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்குச் சேர்ந்தப்ப கடல்ல எவ்ளோ மீன் இருந்துச்சோ அதையே இயல்புன்னு எடுத்துக்கிறாங்க, அதுக்கு முன்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னு தெரியாது, அப்படியே அளவுகோல் இறங்கிக்கிட்டே வருது, யாருக்கும் இழப்பு உறைக்கிறதில்ல. கடலை விடுங்க, ஜெர்மனியில கிரெஃபெல்ட் பூச்சி ஆர்வலர் சங்கத்துக்காரங்க 27 வருஷம் பொறி வச்சுப் பிடிச்சு எடை போட்டு நோட்டுல எழுதி வச்சதாலதான், பாதுகாக்கப்பட்ட இடங்கள்லயே பறக்குற பூச்சிகளோட எடை 76 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு 2017ல உலகத்துக்குத் தெரிஞ்சுது. அந்த நோட்டு இல்லன்னா, "எங்க காலத்துல நிறைய பூச்சி இருந்துச்சு"ன்னு யாராவது சொன்னா பெருசுங்க புலம்பல்னு தாண்டிப் போயிருப்போம். அதுவும் கவனிங்க, பாதுகாப்பு கொடுத்த இடத்துக்குள்ளயே இந்தச் சரிவு. சுத்தி இருக்குற நிலமெல்லாம் சுத்தமா துடைச்சு வச்சிருந்தா நடுவுல ஒரு தீவை மட்டும் காப்பாத்தி என்ன பண்றது.

சுத்தம்னதும் ஞாபகம் வருது, பாறு கழுகுகள். நம்ம அருவருப்புப் பட்டியல்ல முதல் வரிசையில இருக்குற பறவை, பிணம் தின்னுறது, தலை மொட்டை, யாருமே அழகுன்னு சொல்ல மாட்டாங்க. இந்தியாவுல 1990கள்ல இதுங்க கொத்துக் கொத்தா செத்துச்சு, சில இனங்கள் 95 சதவீதத்துக்கும் மேல காலி. காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்துன்னு 2004லதான் உறுதியாச்சு, அந்த மருந்து உடம்புல இருக்குற செத்த மாட்டைத் தின்ன கழுகுக்கு கிட்னி போயிடுது. 2006ல மாட்டுக்குப் போடுறதைத் தடை பண்ணாங்க. அதுக்குள்ள என்ன ஆச்சு? செத்த மாடு தின்ன ஆள் இல்லாம அழுகிக் கிடந்துச்சு, தண்ணி கெட்டுச்சு, தெருநாய் பெருகுச்சு. ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, 2000லருந்து 2005 வரைக்கும் கிட்டத்தட்ட 5 லட்சம் மனுஷங்க கூடுதலா செத்திருக்காங்கன்னு 2024ல எழுதினாங்க. நாம அழுக்குப் பறவைன்னு முகம் சுளிச்சதுதான் நம்மள சுத்தமா வச்சிருந்திருக்கு. சிலந்தியும் அந்த லிஸ்ட்டுதான், உலகம் முழுக்க சிலந்திங்க வருஷத்துக்கு 40லருந்து 80 கோடி டன் வரைக்கும் இரை தின்னுதுன்னு 2017ல ஒரு மதிப்பீடு வந்திருக்கு, அதுல பெரும்பகுதி பூச்சிங்க. ஒட்டடை அடிக்கிறப்ப கொஞ்சம் யோசிங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

புதரா விட்டா என்ன நடக்கும்ங்கிறதுக்கு எனக்குப் பிடிச்ச கதை இங்கிலாந்துல வெஸ்ட் சசெக்ஸ்ல இருக்குற நெப் பண்ணை. 3,500 ஏக்கர், கனமான களிமண், உழுது உழுது நஷ்டம். இந்த நூற்றாண்டு ஆரம்பத்துல சார்லி பரல், இசபெல்லா ட்ரீன்னு அதோட உரிமையாளர்கள் படிப்படியா விவசாயத்தை நிறுத்திட்டு நிலத்தை விட்டுட்டாங்க. சும்மாவும் விடல, பழைய இன மாடு, குட்டைக் குதிரை, பன்னி, மான் எல்லாத்தையும் மேய விட்டாங்க, அதுங்க மேயுறதும் கிளறுறதும்தான் அங்க தோட்டக்காரன் வேலை. அக்கம்பக்கத்துக்காரங்களுக்கு செம கோவம், நல்ல நிலத்தை இப்படி நாசம் பண்றீங்களேன்னு. அதுலயும் ஒரு முள்செடி ஏக்கர் கணக்குல பரவிடுச்சு, எல்லாரும் மருந்து அடி மருந்து அடின்னு நெருக்குறாங்க. 2009ல பெயின்டட் லேடின்னு ஒரு பட்டாம்பூச்சி, ஆப்பிரிக்கா பக்கம் இருந்து கூட்டமா பறந்து வர்றது, ஏராளமா வந்து எறங்குச்சு. அதோட புழுவுக்குப் பிடிச்ச சாப்பாடு இந்த முள்செடிதான். மொத்தத்தையும் தின்னு தீர்த்துடுச்சுங்க. மருந்துக் கம்பெனிக்கு ஒரு பைசா போகல. இன்னைக்கு அங்க நைட்டிங்கேல் பாடுது, மத்த இடத்துல அழிஞ்சுக்கிட்டு இருக்குற டர்ட்டில் டவ் புறா இருக்கு, பர்ப்பிள் எம்பரர் பட்டாம்பூச்சி பிரிட்டன்லயே அதிகமா இருக்குற இடம்னு பேர் வாங்கியிருக்கு. எல்லா இடத்துலயும் இதே மாதிரி நடக்கும்னு சொல்ல வரல, பசிக்கிற உலகத்துல விளைநிலத்தை விடலாமாங்கிற கேள்வி நியாயமானதுதான். ஆனா யார்கிட்டயும் 3,500 ஏக்கர் கேக்கல சாமி, பார்க்குல ஒரு மூலை, பள்ளிக்கூட சுவர் ஓரம், ரோட்டு நடுவுல இருக்குற அந்தத் துண்டு, அவ்ளோதான்.

அப்படி விட்டா ஜனங்க சும்மா இருக்க மாட்டாங்கன்னு தெரியும், பராமரிக்கலன்னு புகார் போகும். இதுக்கு ஒரு அருமையான வழியை அமெரிக்காவுல ஜோன் நசாவர்னு ஒரு நிலவடிவமைப்புப் பேராசிரியர் 1995லயே எழுதிட்டாங்க. மனுஷங்களுக்கு புதரைப் பார்த்து வர்ற எரிச்சல் செடி மேல கிடையாது, யாரும் கவனிக்காம விட்டுட்டாங்கங்கிற எண்ணத்து மேல. அதனால உள்ள எவ்ளோ தாறுமாறா வேணா வளரட்டும், ஓரத்துல மட்டும் ஒரு பட்டை ஒழுங்கா வெட்டி வைங்க, நடக்க ஒரு பாதை விடுங்க, ஒரு சின்ன வேலி, ஒரு போர்டு. அக்கறையோட விட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா பார்க்குறவங்க ஏத்துக்கிறாங்க. எங்க குடியிருப்புல ஒரு மூலையில இதைச் செஞ்சு பார்க்கலாம்னு குரூப்ல போட்டேன், முதல் பதில் "அசிங்கமா இருக்கும்", ரெண்டாவது பதில் ஒரு பாம்பு எமோஜி. ஆனாலும் செஞ்சோம். போர்டு வச்சதுக்கு அப்புறம் அதே ஆளுங்க பிள்ளைங்களை கூட்டிட்டு வந்து நிக்கிறாங்க, பேச்சு என்னவோ இன்னும் "எப்ப சார் வெட்டுவீங்க"தான்.

மரம் நடுறவங்க கோச்சுக்க வேண்டாம், ஆனா அந்த விழாக்கள்லயும் இதே நீட் வியாதி இருக்கு. புல்வெளியையும் முள்காட்டையும் ஒண்ணும் இல்லாத இடம்னு நினைச்சு குழி தோண்டி வரிசையா ஒரே வகைக் கன்னு நட்டு, அங்க தரையில கூடு கட்டின பறவையை விரட்டிட்டு, பசுமையாக்கிட்டோம்னு போட்டோ. எல்லா நிலமும் காடா இருக்க வேண்டியதில்ல, புல்வெளி புல்வெளியா இருந்தாத்தான் அதுல வாழுறது வாழும்.

இதெல்லாம் சின்ன விஷயம், பெரிய பெரிய கம்பெனி காட்டை அழிக்குது, நீ இலையைக் கூட்டாதேங்கிறியேன்னு கேக்குறவங்களுக்கு: ஆமா. 10 லட்சம் உயிரினங்கள் அழிவோட விளிம்புல இருக்குன்னு ஐபிபிஇஎஸ்ங்கிற, பல்லுயிர் பத்தி அரசுகளுக்கு அறிவியல் அறிக்கை கொடுக்குற சர்வதேச அமைப்பு 2019ல சொன்னப்ப நிலத்துல முதல் காரணமா வச்சது நிலப் பயன்பாட்டை மாத்துறதைத்தான், என் பார்க் மூலையால எந்தக் காண்டாமிருகமும் பிழைக்காது. ஆனா அதே அமைப்பு 2024ல வெளியிட்ட அறிக்கையில இதுக்கெல்லாம் அடியில இருக்குற காரணங்கள்ல ஒண்ணா மனுஷன் இயற்கையோட தொடர்பறுந்து போனதையும் சேர்த்திருக்கு. 2022ல மாண்ட்ரியல்ல நாடுகள் சேர்ந்து போட்ட பல்லுயிர்ப் பாதுகாப்பு உடன்பாட்டுல 30 சதவீத நிலமும் கடலும் 2030க்குள்ள பாதுகாப்புங்கிறதுதான் தலைப்புச் செய்தியாச்சு, அதுலயே 12வது இலக்கு நகரங்கள்ல பசுமையிடத்தையும் மக்களோட இயற்கைத் தொடர்பையும் கூட்டணும்னு சொல்லுது, அதைப் பத்தி யாரும் மூச்சே விடல. வீட்டு வாசல்ல ஒரு களையைக்கூட பொறுத்துக்க முடியாத ஜனங்க ஓட்டு போட்டு, தூரத்துல இருக்குற சதுப்பு நிலத்தைக் காப்பாத்துற அரசு வரும்னு நான் நம்பல.

நடைமுறைக்கு வர்றேன். புதர்னு சொன்னதும் குப்பையைச் சேர்த்துக்காதீங்க. பிளாஸ்டிக், டயர், தண்ணி தேங்குற டப்பா எல்லாம் போயே ஆகணும். கொசு பகல்ல செடி நிழல்ல ஒதுங்கும்ங்கிறது உண்மை, பொறக்குறது தேங்குன தண்ணியில. வெளிநாட்டுல இருந்து வந்து மத்த எதையும் வளர விடாம மூடுற செடி இருந்தா பிடுங்கத்தான் வேணும், அதையும் சும்மா விடுறது இயற்கைப் பாசம் ஆகாது. ராத்திரி பூரா எரியிற வெளி லைட்டை அணைங்க, அந்துப்பூச்சி பாவம், மகரந்தச் சேர்க்கையில அதுக்கும் பங்கு இருக்கு. அந்த மூலைக்கு வர்றது என்னன்னு போட்டோ எடுத்து, உயிரினங்களை அடையாளம் காண உதவுற ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல போடுங்க, யாராவது பேர் சொல்லுவாங்க, உங்க மூலை ஒரு டேட்டாவும் ஆகும். பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வருது, எலி நாம போடுற சாப்பாட்டுக் குப்பையையும் அடுக்கி வச்ச பழைய சாமானையும் தேடி வருது. கதவை ஒட்டி எதையும் அடுக்காதீங்க, வாசல்லயும் பாதை ஓரத்துலயும் புல்லைக் குட்டையா வைங்க, புதர் தள்ளி இருக்கட்டும், ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போங்க.

ஆக, பாம்பு வருமேன்னு கமெண்ட் போட டைப் பண்ணிக்கிட்டு இருக்குறவங்க ஒரு பத்தி மேல போய் படிச்சுட்டு வாங்க. அசிங்கமா இருக்குமேன்னு போடப் போறவங்க தாராளமா போடலாம், ஆனா எந்த உயிருக்கு அசிங்கம்னும் சேர்த்து எழுதுங்க.