தடை முழு ட்ரோனுக்கு, உதிரிபாகத்துக்கு இல்லை

“2022-லேயே வெளிநாட்டு ட்ரோனைத் தடை செய்துவிட்டார்கள், மெரினாவில் போலீஸ் பறக்கவிடுவதில் சீனப் பொருள் துளியும் இருக்காது” என்று சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது.

முதல் பாதி ஓரளவு சரி. இந்திய அரசின் 2022 பிப்ரவரி 9 உத்தரவு முழு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடுத்தது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்கோ தடையே இல்லை.

சிக்கலே அங்கேதான். பறப்பைக் கட்டுப்படுத்தும் போர்டு, ரேடியோ, மென்பொருள் அப்டேட் இவற்றின் வழியாகத்தான் இருப்பிடமும் படமும் கசிய வாய்ப்பு. உடல் அம்பத்தூரில் செய்ததா என்பதா முக்கியம்? 2020 ஜனவரியில் அமெரிக்காவின் இன்டீரியர் துறை (அரசு நிலங்களையும் இயற்கை வளங்களையும் பார்க்கும் துறை), அவசரப் பணி தவிர, தன்னிடமிருந்த சீன ட்ரோன்களோடு சீன உதிரிபாகம் கொண்ட ட்ரோன்களையும் சேர்த்தே நிறுத்தியது.

அதற்காக, போலீஸ் ட்ரோன் எல்லாம் வேவு பார்க்கிறது என்று அடுத்த ஃபார்வர்டைத் தொடங்கிவிடாதீர்கள். அதற்கும் ஆதாரம் வேண்டும்.